கைபடாத இன்ஜினைப் பிரிக்கலாமா? 2,74,000 கிலோமீட்டருக்கு அப்புறம் ஒரு முடிவு

2,74,000 கிலோமீட்டர் ஓடின ஸ்போர்ட்ஸ் கார்னு சொன்னா எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "இன்ஜின் வேலை பாத்தாச்சா?"தான். இல்ல, இன்னும் கைபடாத இன்ஜின்தான்னு சொன்னா பாதி பேர் "அப்போ சீக்கிரம் பிரிச்சிடு, எப்ப வேணா காலை வாரும்"ங்கறாங்க, மீதி பேர் "நல்லா ஓடுறதுல எதுக்குக் கை வைக்கிற, ஓடுற வரைக்கும் ஓட்டு"ங்கறாங்க. ரெண்டு தரப்பும் பாக்குறது ஓடோமீட்டரை மட்டும்தான். ஆனா ஓடோமீட்டர் எத்தனை தூரம் போச்சுன்னுதான் சொல்லும், எப்படிப் போச்சுன்னு சொல்லாது. குளிர்ந்த இன்ஜினை முறுக்குனாங்களா, ஆயில் லெவல் குறைஞ்சே ஓடுச்சா, ஒரு தடவையாவது அஞ்சாவது கியர்ல இருந்து தப்பா ரெண்டாவதுக்கு இழுத்தாங்களான்னு எதுவும் அதுல தெரியாது.

என் வண்டி ஹோண்டா எஸ்2000, முதல் தலைமுறை. இந்த இன்ஜின்ல அப்படி என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லியாகணும், ஏன்னா முடிவு எடுக்குறதுல பாதி அதுலதான் இருக்கு. எஃப்20சின்னு பேரு. ரெண்டு லிட்டர், சரியா சொன்னா 1997 சிசி, டர்போ கிடையாது, 240 குதிரைசக்தி. 9000 ஆர்பிஎம் வரைக்கும் போகும். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேல இருந்து கீழ வர்ற தூரம், 84 மில்லிமீட்டர், அப்போ 9000ல பிஸ்டன் ஒரு செகண்டுக்கு 150 தடவை மேல போய் கீழ வருது, சராசரி வேகம் செகண்டுக்கு 25 மீட்டருக்கு மேல. பிஸ்டன் மேல கீழ போய்த் திரும்புறப்போ கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் இழுக்குற விசை ஆர்பிஎம் ஏற ஏற இருமடி கணக்குல ஏறும், 3000ல இருக்குறதை விட 9000ல ஒன்பது மடங்கு. இந்த வண்டியில ஹைவேல ஆறாவது கியர்ல 100ல போனாலே 3200க்கு மேலதான் சுத்திட்டு இருக்கும், அதனால இதோட ஒரு கிலோமீட்டரும் ஒரு சாதாரண செடானோட ஒரு கிலோமீட்டரும் இன்ஜினுக்கு ஒண்ணு இல்ல. அதுக்கேத்த மாதிரி ஃபோர்ஜ்ட் பிஸ்டன், கெட்டியான ராடுன்னு போட்டுத்தான் செஞ்சிருக்காங்க, அதான் இத்தனை தூரம் வந்திருக்கு.

இன்ஜின் வேலைன்னு யோசிக்க ஆரம்பிச்சதுக்குக் காரணம் ஆயில். முதல்ல 2500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிச்சிட்டு இருந்தது, போகப் போக ஏறி இப்ப 1100க்கு ஒரு லிட்டர்ல வந்து நிக்குது. 1000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வரைக்கும் பரவாயில்லன்னு பல கம்பெனிகள் சொல்றாங்கதான், ஆனா எனக்கு அந்த நம்பர் முக்கியம் இல்ல, ஏறிட்டே போறதுதான் முக்கியம். பத்து வருஷமா ஒரே அளவுல குடிக்கிற இன்ஜினைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன். ஒரே வண்டி, ஒரே டிரைவர், ஒரே ரோடு, அதே கிரேடு ஆயில், இருந்தும் குடிக்கிறது ரெண்டு மடங்குக்கு மேல ஆகியிருக்குன்னா உள்ள ஏதோ ஒண்ணு மாறியிருக்குன்னு அர்த்தம். டிப்ஸ்டிக் பாக்குறதுலயும் ஒழுங்கு வேணும், சமதளத்துல நிறுத்தி, இன்ஜின் சூடா இருக்குறப்போ அணைச்சு, ஆயில் கீழ இறங்க சில நிமிஷம் விட்டு, ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி பாத்து எழுதி வச்சாத்தான் அந்தக் கணக்குக்கு மதிப்பு.

ஆயில் குடிக்குதுன்னதும் ரிங் (பிஸ்டனைச் சுத்தி இருந்து சுவரோட இடைவெளிய அடைக்கிற வளையம்) போச்சுன்னு முடிவு கட்டிடக் கூடாது. இன்ஜினுக்குள்ள சேர்ற கேஸை இன்டேக்குக்குத் திருப்பி விடுற பிசிவி வால்வு ஒட்டிக்கிட்டாலே ஆயில் இன்டேக்குக்குப் போயிடும், அது கையளவு கூட இல்லாத ஒரு சின்ன பார்ட், அதை முதல்ல மாத்திப் பாத்துடணும். வால்வு தண்டு வழியா ஆயில் இறங்காம தடுக்குற ஸ்டெம் சீல் காய்ஞ்சு போனாலும் குடிக்கும். வால்வு சீலுக்கும் ரிங்குக்கும் புகை வேற வேற நேரத்துல வரும். ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்ணதும் பின்னாடி குப்புன்னு நீலப் புகை வந்து அப்புறம் நின்னுடுச்சுன்னா, இல்ல இறக்கத்துல கால எடுத்துட்டு கியர்ல வந்து மறுபடி ஆக்சிலரேட்டர் மிதிக்கிறப்போ வந்துச்சுன்னா வால்வு சீல் பக்கம் சந்தேகப்படலாம். லோடு குடுத்து இழுக்குறப்போ தொடர்ந்து வந்தா ரிங் பக்கம். என் வண்டியில ரெண்டும் கலந்து கொஞ்சம் கொஞ்சம் இருந்தது, அதனால புகையை வச்சு ஒரு முடிவுக்கு வர முடியல. பிசிவி மாத்துனேன், பெரிய வித்தியாசம் இல்ல.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரும் காத்தை எவ்வளவு அழுத்துதுன்னு பாக்குறது. இன்ஜின் சூடா இருக்கணும், நாலு பிளக்கையும் கழட்டணும், ஃபியூயலும் இக்னிஷனும் கட், பேட்டரி ஃபுல்லா இருக்கணும், த்ராட்டில் முழுசா திறந்திருக்கணும். த்ராட்டிலை மூடி வச்சுட்டு எடுத்தா காத்தே உள்ள போகாது, நம்பர் பொய் சொல்லும், நல்ல இன்ஜினையே செத்துடுச்சுன்னு சொல்லிடுவாங்க. எனக்கு வந்தது 215, 210, 188, 212 பிஎஸ்ஐ. அதாவது மூணாவது சிலிண்டர் மத்ததை விட பத்து சதவீதத்துக்கு மேல கம்மி. அந்த சிலிண்டருக்குள்ள பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் ஊத்தி மறுபடி எடுத்தப்போ 220க்கு மேல ஏறிடுச்சு. ஊத்துன ஆயில் ரிங்கைச் சுத்தி நின்னு இடைவெளிய அடைக்குது, அதனால ஏறுது. வால்வுல லீக் இருந்தா ஆயில் ஊத்துனாலும் பெருசா ஏறாது. அப்போ ரிங்.

ஆனா எனக்கு நம்பிக்கை குடுத்தது லீக் டவுன் டெஸ்ட்தான். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கோட உச்சிக்குக் கொண்டு வந்து நிறுத்தி, கம்ப்ரஸர்ல இருந்து அளவா காத்தை உள்ள விட்டு, அதுல எத்தனை சதவீதம் தப்பிக்குதுன்னு பாக்குறது. எத்தனை போகுதுங்கறதோட எங்க போகுதுங்கறதையும் காது குடுத்துக் கேக்கலாம், அதான் இதோட அருமை. சைலன்சர் பக்கம் சத்தம் கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டில் பக்கம் கேட்டா இன்டேக் வால்வு, ரேடியேட்டர்ல குமிழி வந்தா ஹெட் கேஸ்கெட் இல்ல ஹெட்ல விரிசல், ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து அங்க கேட்டா ரிங். முதல் சிலிண்டர் 6, ரெண்டாவது 7, நாலாவது 8 சதவீதம். மூணாவதுல 19. மூடியைத் திறந்து காதைக் கிட்ட வச்சா சைக்கிள் டியூப் பஞ்சர் மாதிரி மெல்லிசா ஒரு உஸ்ஸ், கூடவே சூடான ஆயில் வாசனை முகத்துல அடிக்குது. எக்ஸாஸ்ட்ல ஒரு சத்தமும் இல்ல. கிராங்கை ரெண்டு சுத்து சுத்திட்டுத் திரும்ப எடுத்தேன், ரிங் வேற இடத்துல உக்காந்தா நம்பர் மாறலாம்ல, அப்பவும் 18, 19லதான் நின்னது.

அப்புறம் பிளக் ஓட்டை வழியா கேமரா விட்டுப் பாத்தோம். மூணாவது பிஸ்டனோட தலையில ஓரம் முழுக்க ஈரமா, நடுவுல கரி கட்டி இருக்கு, மத்த மூணும் காய்ஞ்சு இருக்கு. முக்கியமா சிலிண்டர் சுவரைப் பாத்தேன். ஃபேக்டரில கல்லு வச்சுத் தேய்ச்சு ஹோனிங் பண்ணப்போ விழுந்த குறுக்குக் கோடுகள் இத்தனை வருஷம் கழிச்சும் தெரியுது, நகத்துல மாட்டுற மாதிரி செங்குத்தா கீறல் எதுவும் இல்ல. அந்தப் படத்தைப் பாத்தப்போதான் என் மனசு ஒரு பக்கம் சாய ஆரம்பிச்சது. ஏன்னு கீழ சொல்றேன்.

ஆயிலையும் லேபுக்கு அனுப்பியிருந்தேன், ரெண்டு ஆயில் சேஞ்சா தொடர்ந்து. அதுல ஈயமும் செம்பும் ஏறுதான்னுதான் நான் தேடுனேன், ஏன்னா பேரிங் தேய ஆரம்பிச்சா அந்த ரெண்டும்தான் முதல்ல ஆயில்ல காட்டும். ஏறல. சோடியம், பொட்டாசியம் இல்ல, அப்போ கூலன்ட் கலக்கல. சிலிகான் கம்மி, அப்போ ஏர் ஃபில்டர் வழியா தூசி போகல. இரும்பு மட்டும் லேசா மேல. ஆயில் பிரஷரும் சூடா இருக்குறப்போ ஆயிரம் ஆர்பிஎம்முக்குப் பத்து பிஎஸ்ஐங்கற பழைய கணக்குக்கு மேலயே நிக்குது, கீழ இருந்து தட்டுற சத்தமும் இல்ல. அதனால பேரிங் பயத்துல நான் இன்ஜின் பிரிக்கல. இதைத் தெளிவா சொல்றேன், ஏன்னா நிறைய பேர் பயத்துலதான் பிரிக்கிறாங்க.

இப்ப அந்தச் சுவர் விஷயம். எந்த இன்ஜினா இருந்தாலும் சரி, பிரிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி சிலிண்டர் சுவர் எதால ஆனதுன்னு தெரிஞ்சுக்கணும், என் கணக்குல இதான் முதல் கேள்வி. பிஎம்டபிள்யூ எம்3ல வந்த எஸ்54, நிஸானோட ஆர்பி26, டொயோட்டாவோட 2ஜேஇசட் எல்லாம் வார்ப்பிரும்பு பிளாக். தேஞ்சா ரீபோர் அடிச்சு, அதாவது சிலிண்டரைக் கொஞ்சம் பெருசா குடைஞ்சு, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம், அதுக்கு லேத்துல பழகின கை நிறைய இருக்கு. அதனால அந்த வண்டிக்காரங்க ஓடுற வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தாலும் பெரிய நஷ்டம் இல்ல. எஸ்54ல ராடு பேரிங் மட்டும்தான் கவலைன்னா இன்ஜினை இறக்காமலே கீழ சப்ஃப்ரேமை இறக்கி ஆயில் சம்பைக் கழட்டி மாத்திடுறாங்க, அதுக்கும் முழு ஓவர்ஹாலுக்கும் சம்பந்தமே இல்ல. மாஸ்டா ஆர்எக்ஸ்8 மாதிரி, பிஸ்டனுக்குப் பதிலா முக்கோண ரோட்டர் சுத்துற ரோட்டரினா கதையே வேற, பிஸ்டன் ரிங்குக்குப் பதிலா ரோட்டர் முனையில ஏபெக்ஸ் சீல், ஒரு ரோட்டருக்கு மூணு முகம், சாதாரண கம்ப்ரஷன் கேஜ் வச்சா மூணுல எது வீக்னு பிரிச்சுக் காட்டாது, அதுக்குன்னு தனி டெஸ்டர் வேணும். அங்க ரீபில்ட்ங்கறது அந்த இன்ஜினோட வாழ்க்கையில வழக்கமா வர்ற ஒரு கட்டம்.

எஃப்20சில சுவர் எஃப்ஆர்எம், அலுமினியத்துக்குள்ள நார் கலந்து வார்த்தது. ரொம்பக் கெட்டி, லேசு, சூட்டை நல்லா கடத்தும். ஹோண்டா இதே டெக்னிக்கை என்எஸ்எக்ஸ் 3.2லயும் ப்ரிலூடோட ஹெச்22லயும் போட்டிருந்தாங்க. தேயவே மாட்டேங்குதுங்கறது இதோட பலம், ஆனா ஒருதடவை ஆழமா கீறிடுச்சுன்னா இரும்பு பிளாக் மாதிரி ஒரு லேத்துல குடுத்து ரீபோர் அடிச்சு வாங்கிட்டு வர முடியாது. அந்த லேயருக்கு ஒரு அளவுதான் தடிமன், அதுக்கு ஒத்துப்போற மாதிரி கோட்டிங் உள்ள பிஸ்டன்தான் போடணும், கோட்டிங் இல்லாத சாதாரண ஃபோர்ஜ்ட் பிஸ்டன் போட்டா உரசித் தின்னுடும். இல்லன்னா மொத்தத்தையும் குடைஞ்சு எடுத்துட்டு இரும்பு ஸ்லீவ் (குழாய் மாதிரி உறை) இறக்கணும். ஸ்லீவ் இறக்குறது டர்போ போட்டு ரெண்டு மடங்கு பவர் எடுக்கிறவங்களுக்கு சரி, எனக்கு வேணாம். இறக்குற கை சரியில்லன்னா ஸ்லீவ் நகரும், ஹெட் கேஸ்கெட் நிக்காது, அப்புறம் ஃபேக்டரி இன்ஜின்ங்கற பேச்சே இல்ல.

அதனால என் கணக்கு தலைகீழா வருது. ஓடுற வரைக்கும் ஓட்டுன்னு சொல்றது இந்த இன்ஜினுக்கு சரிப்படாது. இப்ப ஒரு சிலிண்டர்ல ரிங் மட்டும்தான் தளர்ந்திருக்கு, சுவர் நல்லா இருக்கு. இதே ரிங்கோட இன்னும் ரெண்டு வருஷம் 9000க்கு முறுக்கிட்டு இருந்தா, ஆயில் கரியாகி ரிங் பள்ளத்துல ஒட்டி, ரிங் சிக்கி, எரியுற கேஸ் பக்கவாட்டுல இறங்கி சுவர்ல இருக்குற ஆயில் படலத்தை எரிச்சு, கடைசியில சுவரே கீறிடும். இன்னைக்கு ரிங், பேரிங், சீல், கேஸ்கெட்டோட முடியிற வேலை அன்னைக்கு பிளாக்கையே தூக்கிப் போடுற வேலையாகும். இந்த மாதிரி சுவர் உள்ள இன்ஜின்ல இன்ஜின் வேலைக்கு சரியான நேரம் அது ஓரளவு நல்லா இருக்குறப்பதான்னு நான் நம்புறேன். போர்ஷேல எம்96 இன்ஜின் வச்சிருக்கிறவங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும், அங்க லோகாசில்ங்கற சிலிகான் கலந்த அலுமினியச் சுவர், அதுவும் கீறிட்டா லேசுல சரியாகாது.

வேற இன்ஜின் வாங்கிப் போட்டுடலாமேன்னு கேட்டாங்க. நானும் யோசிச்சேன். ஆனா உடைச்ச வண்டியில இருந்து எடுத்த இன்ஜின்னா அதோட வரலாறு எனக்குத் தெரியாது. இந்தக் கார் 2009ல நின்னு போச்சு, அப்போ கிடைக்கிற எந்த இன்ஜினும் வயசான இன்ஜின்தான். என் இன்ஜின்ல என்ன பிரச்சனைன்னு எனக்கு நாலு சிலிண்டருக்கும் நம்பரோட தெரியும். தெரிஞ்ச வியாதியை விட்டுட்டுத் தெரியாத வியாதியை விலை குடுத்து வாங்குறதுல எனக்கு உடன்பாடு இல்ல. அப்படியே வாங்குறதா இருந்தாலும் லீக் டவுன் எடுக்க விடாதவங்ககிட்ட வாங்காதீங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி பாடியைப் பாக்கணும். லிஃப்ட்ல ஏத்தி சப்ஃப்ரேம் மவுன்ட், கதவுக்குக் கீழ இருக்குற சில் பகுதி, பின் சக்கரத்து ஆர்ச், சஸ்பென்ஷன் புஷ் எல்லாத்தையும் குத்திப் பாத்தாச்சு. துரு புடிச்ச பாடில புது இன்ஜின் போடுறது வீண். என்னோடது கெட்டியா இருக்கு.

இப்ப எனக்கு இருந்த ஒரே உண்மையான தயக்கம், யார் கையில குடுக்கிறதுங்கறது. ஃபேக்டரில சேத்த இன்ஜின், அந்த சுத்தம், அந்த அளவு, சராசரி ஒர்க்‌ஷாப்ல வராது. ஓரளவு தளர்ந்த ஃபேக்டரி இன்ஜினை விட மோசமா சேத்த புது இன்ஜின் சீக்கிரம் சாகும், அதை நான் கண்ணால பாத்திருக்கேன். தெரிஞ்சவர் ஒருத்தரோட இன்ஜின், எல்லா பார்ட்டும் புதுசு, சேத்து ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பேரிங் போயிடுச்சு. பிரிச்சுப் பாத்தா கிராங்க் உள்ள ஆயில் போற வழியில மெஷின் வேலையோட இரும்புத் தூள். கிராங்கைத் தேய்ச்சவங்க வெளிய பளபளன்னு துடைச்சிருக்காங்க, உள்ள பிரஷ் விட்டுக் கழுவல. எனக்கு அதைப் பாத்து வயிறு எரிஞ்சது. அதனால ஒர்க்‌ஷாப் தேடுறப்போ நான் கேக்குற கேள்விகள் இந்த மாதிரிதான் இருந்தது: பிளாக்குக்குள்ள ஆயில் போற வழியோட (ஆயில் கேலரி) பிளக்கையெல்லாம் கழட்டிக் கழுவுவீங்களா, ஹோனிங் பண்றப்போ ஹெட் போல்ட் இழுக்குறது மாதிரி டார்க் பிளேட்ங்கற கெட்டித் தகடு மாட்டிப் பண்ணுவீங்களா, எஃப்ஆர்எம் சுவருக்கு என்ன கல்லு போடுவீங்க, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளியை எழுதித் தருவீங்களா. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார், விடுங்க"ன்னு சொன்ன எடத்துல எல்லாம் நன்றி சொல்லிட்டு வந்துட்டேன்.

கடைசியா ஒருத்தர் கிடைச்சார், வயசானவர், நான் கேக்குறதுக்கு முன்னாடியே மேஜை டிராயர்ல இருந்து ஒரு பழைய பேரிங் ஷெல்லை எடுத்து ஓரத்தைக் காட்டுனார். நகத்து அகலம் கூட இல்லாத இடத்துல ஒரு பச்சைப் பெயின்ட் தீத்தல், பாதி அழிஞ்சு போய். "இதப் பாத்தியா தம்பி, எல்லாத்துக்கும் ஒரே பேரிங் கிடையாது. பிளாக்ல ஒரு குறி, கிராங்க்ல ஒரு குறி, ரெண்டையும் சேத்துப் பாத்துத்தான் கலர். கலர் மாறுனா தடிமன் மாறும். நான் குறியையும் நம்ப மாட்டேன், மைக்ரோமீட்டர் வச்சு அளந்துட்டுத்தான் உனக்கு ஆர்டர் போடச் சொல்வேன், அது வரைக்கும் நீ எதுவும் வாங்காத"ன்னார். ஹோண்டா பேரிங்ல கலருக்குக் கலர் இருக்குற வித்தியாசம் மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்குதான், தலைமுடியை விட பல மடங்கு மெல்லிசு. ஒரு செட் பேரிங்கை அட்டைப்பெட்டியோட வாங்கி அப்படியே போடுறவங்களுக்கும் இவருக்கும் அந்த அளவுதான் வித்தியாசம், 9000 ஆர்பிஎம்ல அது ரொம்பப் பெரிய அளவு. அவர்கிட்ட குடுக்கலாம்னு அங்கயே தோணிடுச்சு.

வேலை என்னென்னன்னு உக்காந்து பேசினோம். ரிங் நாலு சிலிண்டருக்கும். பழைய பிஸ்டன் அளவுல இருந்தா அதையே சுத்தம் பண்ணிப் போடுறது, ரிங் பள்ளம் தேஞ்சிருந்தா மட்டும் புது ஒரிஜினல் பிஸ்டன். சுவரை அளந்து பாத்து, அளவு தாண்டியிருந்தா வேலையை அங்கயே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்றது, தானா ரீபோர் முடிவு எடுக்கக் கூடாது. மெயின், ராடு பேரிங் ரெண்டும் புதுசு, ராடு போல்ட் புதுசு. ஹெட்ல வால்வு சீல், கைடு அளவு, சீட் லேப்பிங். வால்வு ஸ்பிரிங்கைப் பிடிச்சு வைக்கிற ரீடெய்னரை ஒவ்வொண்ணா பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கணும், முதல் தலைமுறையில தப்பான டவுன்ஷிப்டால ஆர்பிஎம் எகிறுனா அதுல விரிசல் விழும், வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டுனவங்க என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாதுல்ல, அதனால பின்னாடி வந்த மாடலோட ரீடெய்னரையே போட்டுடலாம்னு முடிவு. டைமிங் செயின் டென்ஷனர் மாத்துறோம். இன்ஜின் வெளிய இருக்குறப்போ கிளட்ச், ரிலீஸ் பேரிங், பின் ஆயில் சீல், வாட்டர் பம்ப், இன்ஜின் மவுன்ட்.

இங்க ஒரு ஆசை வரும், எல்லாருக்கும் வரும். பிரிச்சதுதான் பிரிச்சோம், கம்ப்ரஷன் ஏத்தலாமே, கேம் மாத்தலாமே, இன்ஜின் கொள்ளளவை ஏத்துற ஸ்ட்ரோக்கர் கிட் போடலாமேன்னு. எனக்கு அது வேண்டாம்னு முன்னாடியே தெளிவா இருந்தேன். இந்த இன்ஜினோட குணம் அது 6000ல விடெக் (வால்வு திறக்குற அளவை மாத்துற ஹோண்டா சிஸ்டம்) மாறி 9000 வரைக்கும் பாடுறதுலதான் இருக்கு, அதை எனக்குத் திரும்ப அப்படியே வேணும். ஒரு பார்ட்டை மாத்துனா அதைச் சார்ந்த நாலு பார்ட் மாறும், டியூனிங் மாறும், அப்புறம் எது பிரச்சனைன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. இந்த மாதிரி பாதியில நின்னு போன இன்ஜின்கள் துணி மூடி மூலையில கிடக்குறதை எத்தனையோ ஒர்க்‌ஷாப்ல பாத்துட்டேன்.

ஓட்டிப் பழக்குறதைப் பத்தியும் அவர்கிட்ட பேசியாச்சு. புது ரிங் சுவரோட ஒட்டி உக்காரணும்னா அதுக்குப் பின்னாடி எரியுற கேஸோட அழுத்தம் வேணும், அதனால ஆரம்பத்துல மெதுவா பூனை நடை போட்டா ரிங் உக்காராது, சுவர் வழுவழுப்பாயிடும், திரும்ப ஆயில் குடிக்கும். மிதமான லோடு குடுத்து இழுக்கணும், கியர்லயே கால எடுத்து இறங்க விடணும், ஒரே ஆர்பிஎம்ல ரொம்ப தூரம் ஓட்டக் கூடாது, ஆனா உச்சத்துக்கும் போகக் கூடாது. முதல் ஆயிலைச் சீக்கிரம் இறக்கிடணும், ஃபில்டரை வெட்டி விரிச்சு மினுமினுன்னு என்ன இருக்குன்னு பாக்கணும். அந்த ஃபில்டரை நான் இல்லாம வெட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அடுத்த வாரம் இன்ஜினை இறக்குறாங்க. பிளாக்ல இருக்குற குறியையும் கிராங்க்ல இருக்குற குறியையும் படம் எடுத்து அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். சுவரோட அளவு நாலு சிலிண்டருக்கும் மேல, நடு, கீழன்னு மூணு இடத்துல, குறுக்கயும் நெடுக்கயும் எடுத்து எழுதித் தரச் சொல்லியிருக்கேன், வந்ததும் இங்கயே போடுறேன். மூணாவது சிலிண்டர்ல அளவு உள்ள நின்னா ரிங் ஆர்டர், இல்லன்னா மறுபடி உக்காந்து பேசணும்.